அறுபத்து மூன்றாவது பெட்டி

செல்லப்பாண்டிக்குத் திங்கட்கிழமை சாயங்காலமே வாய் திறக்க முடியாமல் போய்விட்டது. பேராச்சி பல்வலி என்றுதான் நினைத்தாள். கிராம்பை நசுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஆன்னு தொறங்க" என்றாள். அவன் திறக்கவில்லை. பல்லைக் கடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேஷன் அரிசிக் கஞ்சி உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் நின்று, கடைவாய் வழியாக வழிந்து பாயில் விழுந்தது.

விடியும்போது கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது.

அறுபத்தாறாம் வருஷத்து ஆடி மழை. தாராவியில் மூன்று நாளாக விடவில்லை. சந்துக்குள் முழங்கால் தண்ணீர். அதில் சுண்ணாம்பும் தோல் மயிரும் மிதந்தன. அந்தத் தண்ணீருக்குள் எந்த டாக்சிக்காரன் வருவான்? பேராச்சியின் அண்ணன் பிச்சையா தோல் கம்பெனியிலிருந்து ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தார்ப்பாயை விரித்துச் செல்லப்பாண்டியைத் தூக்கிப் போட்டார்கள். வண்டி கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவன் உடம்பு வில்லாக வளைந்து நின்றது. பேராச்சி இரண்டு பிள்ளைகளையும் பக்கத்துக் கோலி வீட்டில் விட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

சயானைத் தாண்டி இருந்தது சேட்டு ஆஸ்பத்திரி. யாரோ ஒரு சேட்டு தன் அப்பா பெயரில் கட்டிவிட்டது. தோல் கம்பெனியில் எவனுக்காவது அடிபட்டால், மேஸ்திரி வேலை பார்க்கும் முகாதம் ஒரு சீட்டு எழுதி அங்கேதான் அனுப்புவான். ஆனால் இந்தத் தடவை சீட்டு இல்லை. எட்டு நாளைக்கு முன்னால் பட்ட காயம் இது. ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணி அடித்துக் காயவைப்பார்கள். அந்தத் துருப்பிடித்த ஆணி ஒன்று குதிகாலில் ஏறியதற்குச் செல்லப்பாண்டி மஞ்சளை எண்ணெயில் காய்ச்சி ஊற்றிக்கொண்டு, மறுநாளே வேலைக்குப் போய்விட்டான்.

வார்டில் இருந்த டாக்டரின் பெயர் நஜ்முன்னிசா. வாணியம்பாடிப் பக்கம். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள், வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்று. ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, ஒரு கோடி அறையில் அவனைப் படுக்கவைத்தார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு முறுக்கிக்கொள்ளும். டாக்டர் பேராச்சியை வராந்தாவுக்குக் கூட்டிவந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இவருக்கு முன்ன எப்பவாவது ஊசி போட்டு, உடம்புக்கு ஆவாம போயிருக்கா?"

"ஆமா டாக்டரம்மா. ரெண்டு வருசத்துக்கு முந்தி. இதே ஆஸ்பத்திரிதான். தோல் சீவுத கத்தி வலது கால்ல விழுந்துட்டு. ரெண்டு ஊசி போட்டாகளாம், மூச்சே நின்னு போச்சாம். செத்துப் பொழச்சு வந்தேன்னு அவுக சொல்லுவாக."

"ரெண்டுல எந்த ஊசி போட்டதும் அப்படி ஆச்சு?"

"நான் அப்ப ஊருல பிள்ள பெத்துக் கெடந்தேன். தெரியலையே."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இங்க பாரும்மா. காயம்னு வந்தா ரெண்டு ஊசி போடுவோம். ஒண்ணு, குதிரை ரத்தத்துல எடுக்குற சீரம். இன்னொண்ணு பென்சிலின். இப்போ இவரைக் காப்பாத்தணும்னா அந்த சீரம் நிறைய போடணும். அன்னிக்கு ஆவாதது அதுதான்னு வச்சுக்க, நான் ஊசி போட்டே கொன்னுடுவேன். அது இல்லேன்னா, போடாம இருந்து கொன்னுடுவேன். கையில துளி போட்டுப் பார்த்தேன். லேசா தடிச்சிருக்கு. ஆமான்னும் சொல்ல முடியலை, இல்லேன்னும் சொல்ல முடியலை."

"பென்சிலின போட்டுப் பாக்கலாமா?"

"அதைத்தான் முதல்ல போடலாம்னு எடுத்து வச்சிருக்கேன். அதுக்கும் பயமாத்தானே இருக்கு. பழைய பேப்பர் வேணும். அதுல எந்த ஊசி எத்தனை மணிக்குன்னு எழுதியிருக்கும். மேல ரெக்கார்டு ரூம்ல கேளு. நாலு மணி வரைக்கும் பார்க்குறேன். அதுக்கு மேல தள்ள முடியாது."

பிச்சையா வராந்தாக் கோடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நனைந்த பீடியை ஊதி ஊதி உலர்த்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்னைக்கு நீதான கூட இருந்த? எழுதிக்குடுத்த நம்பர் சீட்டு எங்க?"

"அதெல்லாம் மழையில ஒழுகி எப்பமோ போச்சு."

"என்ன பேருல எழுதுனாக? செல்லப்பாண்டின்னுதான?"

பிச்சையா மழையைப் பார்த்தான். "அவன் பேருலதான். பெறவு யார் பேருல எழுதுவான்?"

ரெக்கார்டு ரூம் மாடியில் இருந்தது. அனந்தகிருஷ்ணன் என்ற குமாஸ்தா பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நனைந்த சாக்ஸை மின்விசிறிக்கு நேராக நாற்காலியில் விரித்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக்காரர், வீடு மாட்டுங்காவில். ரயில் ஓடாததால் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்திருந்தார். அவருடைய பியூன் மான்குர்திலிருந்து வரவேண்டியவன், வரவில்லை.

"நம்பர் உண்டோ?" என்றார்.

"இல்ல ஐயா."

"எந்த வருஷம்?"

"ரெண்டு வருசத்துக்கு முந்துன ஆடி."

அவர் நிமிர்ந்தார். "அப்போ ஒண்ணும் செய்ய முடியாது. போன வருஷ மழையிலே கீழே ஆபீசுக்குள்ளே தண்ணி கேறித்து. பேர் எழுதின கார்டெல்லாம் ஊறிக் கூழாப் போச்சு. டெய்லி ரெஜிஸ்டரும் போச்சு. அதுக்கு முன்னாடி வந்தவாளை நம்பர் இல்லாம தேட வழியில்லே. புதுசா பேப்பர் போட்டுக்கச் சொல்லு."

பேராச்சி போகவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் தெரிந்த பலகைகளைப் பார்த்தாள். சுவர் முழுக்க மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் காக்கி உறைகள் நெருக்கமாக நின்றன.

"கார்டு நனைஞ்சு போச்சு, சரி. இந்தப் பேப்பர் நனைஞ்சுதா ஐயா?"

"இதெப்படி நனையும்? இது மாடியிலேன்னா இருக்கு."

"அப்பம் அவுக பேப்பரு இதுக்குள்ளதான் இருக்கு."

"இருக்கு. எங்கேன்னுதான் தெரியாது."

"எங்க மண்டியில பத்து யாவாரியோட தோலும் ஒரே சுண்ணாம்புத் தொட்டியிலதான் கெடக்கும். மை கரைஞ்சு போவும், சீட்டு அழுகிப் போவும். அதுக்காவத் தோலு இல்லன்னு சொன்னா முதலாளி செருப்பாலடிப்பான். வாலு பக்கம் ஆளுக்கொரு வெட்டு போட்டிருப்போம். அதப் பாத்து எடுப்போம். இதுல அப்படி ஒண்ணும் கெடையாதா?"

அனந்தகிருஷ்ணன் அவளை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். புடவையிலிருந்து நீர் சொட்டி, அவள் நின்ற இடத்தில் குளம் கட்டியிருந்தது.

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. நாலு மணிக்குள்ள வேணுமாம். இல்லன்னா..." என்றவள், மிச்சத்தைச் சொல்லாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவர் சாக்ஸைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு எழுந்தார். "இங்கே வா. அக்கம் படிக்கத் தெரியுமோ?"

"எண்ணு தெரியும். பஸ் நம்பர் பாப்பேன். தோல் கட்டு எண்ணுவேன். இங்கிலீசு எழுத்து தெரியாது."

"எண்ணு போதும்."

அந்த அறை எப்படி வேலை செய்தது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஒரு நம்பர் தருவார்கள். மூன்றேகால் வருஷத்தில் தொண்ணூற்றெட்டாயிரம் நம்பர்கள். இவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகவே அடுக்கியிருக்கலாம். ஆனால் அப்படி அடுக்கினால் புதிய பேப்பரெல்லாம் கடைசி அலமாரியிலேயே குவியும். ஒரு மூலை பிதுங்கும், மற்ற மூலை தூங்கும். அதனால் நூறு பெட்டி செய்தார்கள். நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் என்னவோ, அதுதான் பெட்டி. இருபத்தேழில் முடிகிற நம்பரெல்லாம் இருபத்தேழாம் பெட்டிக்குப் போகும். அடுத்து வருகிறவர் இருபத்தெட்டுக்குப் போவார். நூறு பெட்டியும் ஒரே சீராக நிறையும். பெட்டிக்குள்ளே முன்னால் இருக்கும் மூன்று இலக்கத்தை வைத்து, சிறியதிலிருந்து பெரியது வரை உறைகள் நிற்கும்.

கையில் நம்பர் இருந்தால் அரை நிமிஷத்தில் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால், ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்ற எண்பது பேரும் எண்பது பெட்டிகளில் சிதறிக் கிடப்பார்கள்.

அனந்தகிருஷ்ணன் இதையெல்லாம் பெட்டியைத் தட்டித் தட்டிச் சொன்னார். பேராச்சி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "நம்பரு ஏறுத மாதிரி தேதியும் ஏறுமா?"

"ஏறும். நேத்திக்கு வந்தவனுக்கு இன்னிக்கு வந்தவனைக் காட்டிலும் சின்ன நம்பர்."

"அப்பம் ஒரு பெட்டியில ஆடி மாசம் எங்க ஆரம்பிக்குன்னு பாத்தா, மத்த பெட்டியிலயும் அங்கனதான ஆரம்பிக்கும்?"

அவர் நேராகப் பூஜ்யம் பூஜ்யம் என்று போட்ட முதல் பெட்டிக்குப் போனார். நடுவில் ஒரு உறையை இழுத்தார்: அறுபத்து நாலு நவம்பர். அதற்கு இடது பக்கத்தில் பாதியில் ஒன்றை இழுத்தார்: அறுபத்து மூணு டிசம்பர். இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மறுபடி நடுவில் ஒன்று. ஏழாவது உறையில் ஜூலை வந்துவிட்டது.

"எந்தத் தேதின்னு ஏதாவது ஓர்மை உண்டோ?"

"ஆடி ரெண்டாம் வெள்ளி எங்க ஊருல அம்மன் கோயில் கொடை. கொடைக்கு வாறேன்னு எழுதுனவுக வரல. அந்த வாரத்துலதான் கால்ல வெட்டு."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அந்த வருஷம் ஆடி ஒண்ணாம் தேதி ஜூலை பதினாறு. ரெண்டாம் வெள்ளி இருபத்து நாலு. அப்போ பதினேழிலேருந்து இருபத்து மூணு வரை. ஏழு நாள், நாளுக்கு எண்பது." ஒரு காகிதத்தில் பென்சிலால் போட்டார். "முப்பத்தொம்பதாயிரத்து அறுநூத்தி எண்பதுலேருந்து நாப்பதாயிரத்து இருநூத்தி முப்பத்தொம்பது வரைக்கும். ஐந்நூத்தி அறுபது பேப்பர். பெட்டிக்கு அஞ்சோ ஆறோ."

தொண்ணூற்றெட்டாயிரம் என்பது ஐந்நூற்று அறுபதாகக் குறைந்துவிட்டது. அனந்தகிருஷ்ணன் ஒரு சீட்டில் செல்லப்பாண்டி என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதி அவளிடம் கொடுத்தார்.

"படிக்கவேண்டாம். இந்தச் சித்திரம் மாதிரி இருக்கோன்னு பாரு. முதல் எழுத்து வளைஞ்ச அரிவாள். நடுவிலே ரெண்டு குச்சி சேர்ந்து நிக்கும். கேட்டியா? நான் இந்தக் கோடியிலேருந்து, நீ அந்தக் கோடியிலேருந்து."

பேராச்சி தொண்ணூற்றொன்பதாம் பெட்டியில் ஆரம்பித்தாள். முதல் பெட்டிக்குப் பத்து நிமிஷம் ஆனது. மூன்றாவது பெட்டியில் கை பழகிவிட்டது. நூற்றுக்கணக்கான ஈரத்தோலைப் புரட்டி, ஓட்டை விழுந்ததைத் தனியே எடுத்துப் போடுகிற கை அது. உறையைச் சாய்த்து, அரிவாளைத் தேடி, இல்லை என்றால் நேராக நிறுத்தி, அடுத்ததற்குப் போனாள். தூசி மூக்கில் ஏறியது. மழைக்காலத்துக் காகிதத்துக்கு ஒரு புளித்த வாடை உண்டு. அவள் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவள். அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை.

"ஐயா, இது அரிவாளு மாதிரி இருக்கு."

"அது சந்திரபாய். பொம்மனாட்டி."

"இது?"

"சோட்டு கான். தாடியைச் சிரைச்சுத் தையல் போட்டிருக்குன்னு எழுதியிருக்கே. உன் ஆத்துக்காரர் தாடியா?"

"அவுகளுக்கு மீச முளைக்கவே கல்யாணம் ஆயி ரெண்டு வருசமாச்சு" என்றாள். சொன்ன மறுகணம் அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டு அடுத்த உறையைச் சாய்த்தாள்.

ஒரு மணிக்கு அனந்தகிருஷ்ணன் டிபன் டப்பாவைத் திறந்தார். மோர்க்குழம்புச் சாதம். மூடியில் பாதியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"வேண்டாம் ஐயா. எறங்காது."

"எறங்கலேன்னா கை நடுங்கும். கை நடுங்கினா பேப்பரை மாத்தி வச்சுடுவே. அப்புறம் வேற எவனோ ஒருத்தன் பெண்டாட்டி இங்கே வந்து நின்னு அழுவா. சாப்பிடு."

நாலு வாய் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு அறுபத்தெட்டாம் பெட்டிக்குப் போனாள்.

இரண்டே முக்காலுக்கு இருவரும் ஐம்பதாம் பெட்டிக்கு முன்னால் சந்தித்துக்கொண்டார்கள். செல்லப்பாண்டி இல்லை.

"வாரம் தப்பாயிருக்குமோ?"

"கொட எப்படி ஐயா தப்பும்?"

"அப்போ வேற ஏதாவது பேர்ல... வீட்டிலே கூப்பிடற பேர்?"

"ஒரே பேருதான்."

அனந்தகிருஷ்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. "தப்பான பெட்டியிலே வச்சிருந்தா, எரிச்ச மாதிரிதான். வேற வழி தெரியலை எனக்கு."

பேராச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழேயிருந்து ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, "டாக்டர் கேக்கறாங்க, கிடைச்சுதான்னு. இன்னும் ரெண்டு தடவை வலிப்பு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேராச்சி தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருந்தது. தூசி மட்டுமில்லை. பல பேப்பர்களின் அடியில் மசியில் உருட்டிய பெருவிரல் பதிந்திருந்தது. எழுதத் தெரியாதவர்களின் கையெழுத்து. காலையிலிருந்து நூற்றுக்கணக்கில் அவற்றைக் கடந்து வந்திருக்கிறாள்.

"ஐயா, இந்த ரேகை எல்லாரும் வைக்கணுமா?"

"கையெழுத்துப் போடத் தெரியாதவா எல்லாம் வச்சே ஆகணும். தையல் போட சம்மதம்னு. ஏன்?"

"அவுக இடது பெருவிரல்ல கத்தி ஏறி, ரேகை குறுக்கால ரெண்டா பொளந்து கெடக்கும். சின்ன வயசுலயே பட்டது. அதப் பாத்தா எனக்குத் தெரியும். பேரு எப்படி இருந்தா என்ன?"

அவர் எழுந்து நின்றார். "மேலேயிருந்து பார்க்கவேண்டாம், அடியை மட்டும் பாருங்கோ. சீக்கிரம் ஆகும். பொம்மனாட்டி, குழந்தை எல்லாத்தையும் நான் தள்ளிடறேன்."

நீ என்றது எப்போது நீங்கள் ஆனது என்பதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. மறுபடியும் தொண்ணூற்றொன்பது. இப்போது உறையைச் சாய்க்கவேண்டியதில்லை. அடிமூலையைக் கட்டைவிரலால் மடக்கினால் போதும். வட்ட வட்டமாக ரேகைகள். சில கலங்கி மசியாகவே இருந்தன. சில, மரத்தை அறுத்தது போல் தெளிவாக இருந்தன. எண்பதுகள் முடிந்தன. எழுபதுகள் முடிந்தன. சுவர்க் கடிகாரம் மூன்றேகாலைத் தாண்டியது.

அறுபத்து மூன்றாவது பெட்டியில், மூன்றாவது உறையில், அது இருந்தது.

வட்டத்தின் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கத்து வரிகள் அந்தப் பக்கத்து வரிகளோடு சேரவில்லை; அரை நெல் தள்ளி நின்றன. பத்து வருஷமாக அவள் பார்த்துவந்த விரல். பிள்ளைகளைத் தூக்கித் தோளில் போடுகிறபோதும், அவள் கழுத்தில் மஞ்சள்கயிற்றை முடிந்தபோதும் இருந்த விரல்.

"ஐயா!"

அனந்தகிருஷ்ணன் வாங்கிப் பார்த்தார். "வலது பாதம், கத்தி வெட்டு, நாலு தையல். தோல் கம்பெனி சீட்டு. ஜூலை இருபது..." முகம் மாறியது. "ஆனா இது செல்லப்பாண்டி இல்லேம்மா. பிச்சையான்னு போட்டிருக்கு."

பேராச்சிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது.

"பிச்சையா எங்க அண்ணன்" என்றாள்.

"அப்போ இது உங்க அண்ணன் பேப்பர்."

"ரேகை அவுகளது ஐயா. எம்பிள்ளைக மேல சத்தியமா அவுகளது."

"நான் நம்பறேன். ஆனா ஒருத்தர் பேப்பரை இன்னொருத்தருதுன்னு டாக்டர்கிட்டே கொடுக்க எனக்கு அதிகாரமில்லே. அதை விடுங்கோ. ஒருவேளை உங்க கண்ணு ஏமாந்து போயிருந்தா? உங்க அண்ணாவுக்கு ஆகாத மருந்தைப் பார்த்து உங்க ஆத்துக்காரருக்குப் போட்டா? அவர் வாயாலே சொல்லணும்."

பிச்சையா அதே வராந்தாக் கோடியில்தான் இருந்தான். பீடி உலரவில்லை. பேராச்சி அவன் முன்னால் போய் நின்றாள். பின்னால் உறையோடு அனந்தகிருஷ்ணன்.

"அண்ணே, வலது கால நீட்டு."

"என்னத்துக்குட்டி?"

"நீட்டுன்னேன்."

அவன் நீட்டவில்லை. வேட்டியை இன்னும் கீழே இழுத்து மூடிக்கொண்டான். அவளே குனிந்து விலக்கினாள். சேற்றில் ஊறி வெளுத்த பாதம். தழும்பு ஒன்றுமில்லை.

"ஒம்பேருல மேல ஒரு பேப்பர் இருக்கு. இந்தக் கால்ல நாலு தையல்னு எழுதியிருக்கு. தையல் எங்கண்ணே?"

பிச்சையா பீடியைக் கீழே போட்டான்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் பேராச்சி. அதுக்கு முந்தியே நாலு நாள் போகல. இன்னொரு நாள் போகாட்டி பேரை வெட்டிருவான். மாப்ளய எனக்குப் பதிலா, பத்லியாப் போகச் சொன்னேன். என் நம்பர் போட்ட பித்தள பில்லாவக் குடுத்தேன். முகாதம் மூஞ்சிய எங்க பாப்பான், பில்லாவத்தான் பாப்பான். கால்ல வெட்டு விழுந்ததும் பில்லா நம்பரப் பாத்து எம்பேர எழுதிக் குடுத்துட்டான். நான் சாயந்தரம் வந்தப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு."

"காலையில கேட்டேனே."

"கேட்ட."

"அவன் பேருலதான்னு சொன்னியே. நான் அஞ்சாறு மணிநேரமா இல்லாத பேரத் தேடிக்கிட்டு நின்னேன். இங்க அவுக வில்லா வளையுதாக. நீ பீடியக் காயவச்சுக்கிட்டு இருந்திருக்க."

"எப்படியும் கண்டுபிடிச்சிருவாகன்னு நெனச்சேன். படிச்சவுக."

"பேர மாத்திக் குடுத்தா படிச்சவுக என்ன செய்வாக?"

"பில்லாவக் குடுத்தது தெரிஞ்சா வெளிய தள்ளிருவாம்மா. பத்தொம்பது வருசம். ஒம்பது வயிறு அதுல கஞ்சி குடிக்குது. எனக்கு வாயே வரல. காலையிலேருந்து சொல்லணும் சொல்லணும்னு..." புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "அவனுக்கு மட்டுமா வாய் பூட்டுச்சு, எனக்குந்தான்."

"நீயும் அவுகளும் ஒண்ணா? ஒன் வாயி தொறக்கும். எந்திரி."

டாக்டர் கோடி அறை வாசலில் நின்று உறையைப் பிரித்தாள். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "இது யார் பேப்பர்?"

பிச்சையா முன்னால் வந்தான். "பேரு என்னது டாக்டரம்மா. உடம்பு அவனது."

"உனக்கு இந்தக் காயம் இல்லையே? இந்த ஊசி எதுவும் உனக்குப் போடலையே? அல்லா மேல ஆணையா கேக்குறேன், ஒரு உயிர் இதுல இருக்கு."

"ஒண்ணுகூட இல்ல. அம்மன் மேல ஆணை."

அவள் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பேராச்சி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பத்துக்கு சீரம். அப்புறம் தையல். ரெண்டு ஐம்பதுக்கு, நோயாளி நல்லா பேசறார், தண்ணி கேட்டார்னு எழுதியிருக்கு. மூணு மணிக்குப் பென்சிலின். மூணு அஞ்சுக்கு மூச்சு நின்னது." உறையை மூடினாள். "சிஸ்டர், அந்த ட்ரேல பென்சிலின் எடுத்து வச்சிருந்தேன்ல? அதை இந்த ரூமைவிட்டே எடுத்துட்டுப் போங்க."

 காலையில் எந்த மருந்தை முதலில் போடலாம் என்று டாக்டர் எடுத்து வைத்திருந்தாளோ, அது ஒரு துணிக்கடியில் வெளியே போனது.

"அப்பம் குதிரை மருந்து ஒத்துக்கும்ல டாக்டரம்மா?"

"அன்னிக்கு ஒத்துக்கிச்சு. ஒரு தடவை உடம்புல ஏறினது மறுதடவை ஆவாமப் போறதும் உண்டு. கை தடிச்சுதே, அதுவா இருக்கலாம். அதனால துளித்துளியா போட்டுக்கிட்டு வரணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆனா இப்போ போடறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. காலையில அதுவும் இல்லை."

அனந்தகிருஷ்ணன் சிவப்பு மசிப் பேனாவை எடுத்தார். "பேரை மாத்தி எழுதணும். இவர்கிட்டே ஒரு வாக்குமூலமும் வேணும்." பிச்சையாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நான் எழுதாம விடலாம். விட்டா, நாளைக்கு உங்க மச்சினருக்கு எவனாவது பென்சிலின் போடுவான். உங்களுக்கு நிஜமாவே வேணுங்கறபோது, ஆகாதுன்னு போடாம விடுவான். ரெண்டு பேருக்கும் கேடு. கம்பெனி சீட்டிலே வந்த கேஸ், அதனாலே நகல் கம்பெனிக்கும் போகும். அதை மறைக்க எனக்கு முடியாது."

"எழுதுங்க சாமி" என்றான் பிச்சையா.

அவர் எழுதினார். பிச்சையா என்ற பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. அதன் மேல் செல்லப்பாண்டி. பிச்சையா தன் பெருவிரலை மசியில் உருட்டிப் பக்கத்தில் வைத்தான். முழு வட்டம், பிளவு ஏதுமில்லை. டாக்டர் இரண்டு ரேகையையும் வராந்தா வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முதல் துளி நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போனது. நர்ஸ் வேறொரு ஊசியை நிரப்பிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு நின்றால் குத்துவதற்கு. டாக்டர் ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கடிகாரத்தைப் பார்த்தாள். இருட்டில் செல்லப்பாண்டியின் கண் மட்டும் தெரிந்தது. அவனுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த நோயில் நினைவு தப்புவதில்லை. பேராச்சி கால்மாட்டில் நின்றாள். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கை தானாக நீண்டது. இழுத்து அக்குளில் செருகிக்கொண்டாள்.

இருபது நிமிஷம். மூச்சு நிற்கவில்லை.

இரண்டாவது. மூன்றாவது. நாலாவதுக்குப் பிறகு உடம்பு ஒரு முறை முறுக்கிக்கொண்டது. நர்ஸ் ஊசியைத் தூக்கினாள். டாக்டர் கையமர்த்தினாள். "இது வலிப்பு. மருந்து இல்லை." முறுக்கு தளர்ந்தது. ஐந்தாவதில் மருந்தின் அளவைக் கூட்டினாள். வெளியே மழை ஒரே சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆறேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தாள். "மருந்து ஒத்துக்கிச்சு. முழுசும் ஏறிடுச்சு." பேராச்சி அவள் காலைத் தொடக் குனிந்தாள். டாக்டர் பிடித்துக்கொண்டாள். "குனியாதே. நான் ஒண்ணும் ஜெயிச்சுடலை. ஏற்கெனவே ஏறின விஷத்தை இது இறக்காது, மேல ஏறாம தடுக்கும். பத்து நாள் இப்படித்தான் இருக்கும். பாதிப் பேர் பிழைக்கிறதில்லை. சொல்லிட்டேன்."

"பாதிப் பேரு பொழைக்காகல்ல?"

டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த வார்டுக்குப் போனாள்.

பிச்சையா சட்டைப்பையில் கைவிட்டுப் பித்தளை பில்லாவை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.

"பேப்பர் போய்ச் சேருததுக்கு முந்தி, நானே முகாதத்துகிட்ட சொல்லிட்டு வந்துருதேன். ரெண்டாம் ஷிப்டுல இருப்பான்."

பேராச்சி அவனைப் பார்க்கவில்லை. போகவேண்டாம் என்று சொல்லுவாள் என அவன் எதிர்பார்த்து நின்றானோ என்னவோ. அவள் சொல்லவில்லை.

"போறதுதான் போற, பிள்ளைகளப் பாத்துட்டு வா. காலையிலேருந்து ஒண்ணும் தின்னிருக்காது. பாவு ரொட்டியும் சாயாவும் வாங்கிக் குடு. அப்பா எங்கன்னு கேட்டா, ஆஸ்பத்திரியில இருக்காகன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

"நீ?"

"நான் இங்கன இருக்கேன்."

அவன் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, படியிறங்கித் தண்ணீருக்குள் போனான். பேராச்சி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சத்தம் கேட்காமல் இருட்டறைக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். வளையல்கள் குலுங்காமல் முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். செல்லப்பாண்டியின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. அவள் எண்ண ஆரம்பித்தாள்.